முதல் காலடியைப் பாருங்கள்: லைன்பேக்கர் கேள்வி-பதில்

ஏப்ரலில் அமெரிக்கக் கால்பந்து (என்.எஃப்.எல்) டிராஃப்ட்; கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் ரவுண்டு ரவுண்டாக, முறை வைத்து எடுக்கும். அது நெருங்கினால் எனக்கு வரும் கேள்விகளில் பாதி, பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கைப் பற்றித்தான் இருக்கும். இந்தத் தடவை, தடுக்கும் அணியின் முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கர்களைப் பற்றி நிறைய வந்திருக்கிறது. சிலவற்றுக்கு நீளமாகவும் சிலவற்றுக்கு இரண்டே வரியிலும் பதில் சொல்கிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

எங்கள் கல்லூரிப் பையன் போன சீசனில் 130 டேக்கிள் (பந்தோடு வருபவனைப் பிடித்து விழுத்துவது) போட்டிருக்கிறான். ஆனாலும் டிராஃப்டில் மூன்றாவது ரவுண்டைத் தாண்டித்தான் போவான் என்கிறார்கள். 130 என்றால் சும்மாவா சார்?

சும்மா இல்லை. ஆனால் அந்த 130-ம் எந்த இடத்தில் விழுந்தது? பந்தோடு வந்தவனை ஆட்டம் தொடங்கும் கோட்டிலேயே மடக்கினாலும் ஒரு டேக்கிள்தான். எட்டு கஜம் ஓடவிட்டு, துரத்திப் போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்தாலும் ஒரு டேக்கிள்தான். முன்வரிசை ஓட்டையாக இருக்கும் அணியில் எதிராளி நாள் முழுக்க ஓடுவான், லைன்பேக்கர் கணக்கில் டேக்கிள் குவியும். போதாததற்கு, இரண்டு பேர் சேர்ந்து விழுத்தியதை எழுதிக்கொள்பவர் சொந்த மைதானத்து ஆள். சில ஊர்களில் அவருக்குக் கை கொஞ்சம் தாராளம்.

எண்ணை மூடி வைத்துவிட்டு நான் பார்ப்பது முதல் எட்டை, அதாவது ஆட்டம் தொடங்கியதும் அவன் வைக்கும் முதல் காலடியை. கவுண்டர் என்று ஓர் ஆட்டம் உண்டு. பந்தை வாங்கி ஓடும் ரன்னிங்பேக் ஒரு பக்கம் கால் எடுத்து வைத்துப் போக்குக் காட்டுவான். அதே நொடியில், முன்வரிசையில் நின்று அவனுக்கு வழி திறந்துவிடும் கார்டு தன் இடத்தைவிட்டு மறுபக்கம் ஓடுவான். பந்து போகப்போவது கார்டு ஓடும் பக்கம். ரன்னிங்பேக்கையே வெறித்துக்கொண்டிருக்கும் லைன்பேக்கர் போக்குக்கு ஏமாந்து சாய்ந்துவிடுவான். திரும்புவதற்குள் வழி திறந்திருக்கும். கார்டின் மேல் கண் வைத்தவன் தப்புப் பக்கம் ஒரு எட்டுகூட வைக்க மாட்டான். பத்து கவுண்டரைத் தேடி எடுத்து அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். உங்கள் பையன் எந்த ரவுண்டு என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

டிராஃப்டுக்கு முன் நடக்கும் உடற்தேர்வான கம்பைனில் 40 கஜ ஓட்டத்துக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம் தேவையா?

தேவைதான், ஆனால் பாதி அளவுக்கு. 2019-இல் இன்டியானாபோலிஸ் கம்பைனில் டெவின் வைட் 4.42 நொடி, டெவின் புஷ் 4.43. வைட் டிராஃப்டில் ஐந்தாவது ஆளாகப் போனார். புஷ்ஷுக்காக பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் எடுக்கும் வரிசையில் 20-ஆம் இடத்திலிருந்து 10-க்கு ஏறியது; அதற்கு இரண்டாம் ரவுண்டு, மூன்றாம் ரவுண்டு வாய்ப்புகளையும் சேர்த்துக் கொடுத்தது. அடுத்த ஆண்டே முழங்கால் தசைநார் கிழிந்தது. நான்கு சீசனோடு பிட்ஸ்பர்க் கதை முடிந்தது. காயத்தின் மேல் மட்டும் பழி போட எனக்கு மனம் வரவில்லை. பெரிய கார்டு மேலே வந்து விழுந்தால் உதறிவிட்டு வெளியே வரும் வித்தை அவரிடம் முதலிலிருந்தே குறைவு. அதை எந்த ஸ்டாப்வாட்சும் காட்டாது.

லூக் கீக்லி 2012-இல் ஓடியது 4.58. நல்ல வேகம், ஆனால் வாய் பிளக்கும் வேகம் இல்லை. முதல் சீசனிலேயே லீகில் அதிக டேக்கிள் அவருடையது, 164. எதிரணி பந்தைத் தொடுமுன்பே வரப்போகும் ஆட்டத்தைச் சொல்லிக் கூட்டாளிகளை நகர்த்திக்கொண்டிருப்பார். அதே டிராஃப்டில் பாபி வாக்னருக்கு நிமோனியா; கம்பைனுக்கே போக முடியவில்லை. 47-ஆவது ஆளாக சியாட்டில் எடுத்தது. கம்பைனை மட்டும் நம்பியவர்கள் எதைக் கோட்டைவிட்டார்கள் பாருங்கள்.

என்னைக் கேட்டால் 40-ஐ விட அதன் முதல் 10 கஜ நேரமும், பக்கவாட்டில் ஓடித் திரும்பும் ஷட்டில் நேரமும்தான் லைன்பேக்கருக்கு உதவும். ஒரே ஆட்டத்தில் 40 கஜம் நேர்கோட்டில் ஓடும் வேலை அவனுக்கு எத்தனை முறை வரும்?

கம்பைனில் படுத்தபடி 225 பவுண்டு தூக்கும் பெஞ்ச் பிரஸ்?

பார்ப்பேன். மறந்துவிடுவேன்.

உயரம் 6 அடிக்குக் குறைந்தால் அவ்வளவுதானா?

சாக் தாமஸ் 5 அடி 11 அங்குலம். 1996-இல் மயாமி அவரை ஐந்தாம் ரவுண்டில் எடுத்தது. 2023-இல் ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனார். ஆனால் அவரைக் காட்டி எல்லாக் குள்ளர்களுக்கும் வக்காலத்து வாங்காதீர்கள். எனக்கு உயரத்தை விடக் கை நீளம் முக்கியம். கை குட்டையானால் தடுக்க வருகிறவன் முதலில் உங்கள் நெஞ்சைப் பிடித்துவிடுவான்.

மைக்கா பார்சன்ஸும் லைன்பேக்கர்தானே? அவரைப் போல ஒருவரை ஏன் எல்லா ஆண்டும் எடுப்பதில்லை?

பென் ஸ்டேட்டில் லைன்பேக்கர்தான். 2021-இல் டாலஸ் 12-ஆவது ஆளாக எடுத்ததும் அப்படி நினைத்துத்தான். ஓரத்தில் நின்று குவார்ட்டர்பேக்கைத் துரத்தவிட்டார்கள், முதல் ஆண்டே 13 சாக் (பந்தை எறியும் முன்பே குவார்ட்டர்பேக்கை விழுத்துவது). அதற்குப் பிறகு யார் அவரை நடுவில் நிறுத்துவார்கள்?

இதற்கு எதிர்த்திசையிலும் ஒருவர் வந்தார். சாக் பான் விஸ்கான்சினில் ஓரத்து ஆள். 2020-இல் நியூ ஆர்லின்ஸ் மூன்றாம் ரவுண்டில் எடுத்து, பெரும்பாலும் பந்தை உதைக்கும் ஆட்டங்களுக்கான ஸ்பெஷல் டீமில்தான் ஓட்டியது. 2024-இல் ஃபிலடெல்ஃபியாவில் தடுப்பாட்டப் பயிற்சியாளர் விக் ஃபாஞ்சியோ அவரை நடுவுக்குக் கொண்டுவந்தார். சீசனின் சிறந்தவர்கள் பட்டியலான ஆல்-ப்ரோவில் இடம்பிடித்தார், இறுதிப்போட்டியான சூப்பர் பவுலில் எதிரணிக் குவார்ட்டர்பேக் மஹோம்ஸ் எறிந்த பந்தையும் பறித்தார்.

எந்த வேலைக்கு என்று முடிவு செய்யாமல் எடுத்தால் ஐசயா சிம்மன்ஸ் கதைதான். கிளெம்சனில் நாலைந்து இடத்தில் ஆடியவர், 4.39 ஓடியவர். அரிசோனா 2020-இல் எட்டாவதாக எடுத்தது. அவருக்கென்று ஓர் இடம் அமையவே இல்லை. 2023-இல் ஒரு ஏழாம் ரவுண்டு வாய்ப்புக்கு நியூயார்க் ஜயன்ட்ஸுக்குக் கைமாறினார்.

சின்னக் கல்லூரிப் பையனை எப்படி எடைபோடுவது?

சீசனில் ஒரு தடவையாவது பெரிய கல்லூரியோடு மோதியிருப்பான். அந்த ஃபிலிமை மட்டும் முதலில் கேட்டு வாங்குங்கள். சவுத் கரோலைனா ஸ்டேட்டிலிருந்து வந்த ஷகீல் லெனர்டை 2018-இல் இன்டியானாபோலிஸ் 36-ஆவதாக எடுத்தபோது பலர் உதட்டைப் பிதுக்கினார்கள். முதல் ஆண்டிலேயே 163 டேக்கிளோடு லீகில் முதலிடம்.

வீட்டில் டிவியில் பார்த்தே இதையெல்லாம் கண்டுபிடிக்க முடியுமா?

ஓட்டத்தை ஓரளவு முடியும். பாஸை முடியாது. கேமரா பந்தின் பின்னாலேயே போய்விடும், உங்கள் ஆள் திரைக்கு வெளியே நிற்பான். 22 பேரும் தெரியும் மேல்கோண ஃபிலிம் கிடைத்தால் ப்ளே-ஆக்‌ஷன் ஆட்டங்களை மட்டும் ஓட்டுங்கள். குவார்ட்டர்பேக் பந்தைக் கொடுப்பது போல நடித்ததும் லைன்பேக்கர் முன்னால் பாய்வான். பாயட்டும், அது குற்றமில்லை. பொய் என்று புரிந்ததும் என்ன செய்கிறான்? குவார்ட்டர்பேக்கைப் பார்த்தபடியே பின்னால் தத்தித் தத்தி நகர்கிறானா, தலையைத் திருப்பித் தன் முதுகுக்குப் பின்னால் பந்தைப் பிடிக்க நழுவிக்கொண்டிருக்கும் எதிரணி டைட் எண்டைத் தேடி ஓடுகிறானா? இரண்டாவது ரகம் அபூர்வம். கண்ணில் பட்டால் பெயரை எழுதிவைத்துக்கொள்ளுங்கள், எனக்கும் அனுப்புங்கள்.