சலாதுக்கு ஒரு போத்தல்

அன்புள்ள அக்கா,

கொக்குவிலில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். இரவில் பாணும் முட்டையும், இல்லாவிட்டால் அவித்த கடலை, கூடவே வெள்ளரிக்காயும் தக்காளியும் வெட்டிக்கொள்வேன். உப்பும் தேசிக்காயும் விட்டுச் சாப்பிட்டு அலுத்துவிட்டது. கடையில் சலாது டிரெசிங் போத்தலைக் கையில் எடுத்தால் விலையைப் பார்த்துத் திரும்ப வைக்கத்தான் தோன்றுகிறது. இணையத்தில் தேடினால் எல்லாரும் ஒலிவ் எண்ணெயில்தான் தொடங்குகிறார்கள். எல்லாவற்றுக்கும் ஊற்றுகிற மாதிரி ஒன்றைச் செய்து வைக்க முடியாதா?

ச.

அன்புள்ள தம்பி,

தாராளமாகச் செய்யலாம், ஒலிவ் எண்ணெயும் தேவையில்லை. செக்கில் ஆட்டின நல்லெண்ணெய் போதும். தேங்காயெண்ணெய் மட்டும் வேண்டாம், பிரிட்ஜில் வைத்தால் கல்லாகிவிடும்.

வினாகிரி வாங்கும்போது போத்தலில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். செயற்கை வினாகிரி என்றால் அசெற்றிக் அமிலத்தைத் தண்ணீரில் கரைத்தது, புளிப்பைத் தவிர வேறொன்றும் இராது. தென்னங்கள்ளு வினாகிரிக்கு ஒரு வாசம் உண்டு, அதை வாங்குங்கள். தேசிப்புளியிலும் செய்யலாம், ஆனால் அது வைக்க வைக்கக் கசக்கும், அன்றன்றைக்கு என்றால் சரி.

இனிக் கடுகு. ஒரு தேக்கரண்டி கடுகை இடித்து, கொஞ்சம் பச்சைத்தண்ணீர் விட்டுக் குழைத்து, ஒரு பத்து நிமிடம் விடுங்கள். காரம் அந்த நேரத்தில்தான் ஏறும். சுடுதண்ணீர் விட்டால் ஏறாது, வினாகிரியை முதலே விட்டாலும் சரியாக ஏறாது. பிறகு மூடி இறுக்கமான ஒரு ஜாம் போத்தலில் இரண்டு மேசைக்கரண்டி வினாகிரி, அரைத் தேக்கரண்டி உப்பு, ஒரு சிட்டிகை சீனி போட்டுக் கரைத்துவிடுங்கள், ஏனென்றால் எண்ணெய் விட்ட பிறகு உப்பு கரையாமல் அடியில் நறநறவென்று கிடக்கும். கடுகையும் மிளகுத்தூளையும் சேர்த்து, நாலு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் விட்டு, மூடிக் குலுக்குங்கள். மஞ்சளாகத் தடித்து வரும். எண்ணெயையும் புளிப்பையும் பிரியாமல் கொஞ்ச நேரம் பிடித்து வைப்பது கடுகுதான். பிரிந்தால் திரும்பக் குலுக்க வேண்டியதுதான், அது கெட்டுப்போனதில்லை. பிரெஞ்சுக்காரர் மூன்று பங்கு எண்ணெய்க்கு ஒரு பங்கு வினாகிரி என்பார்கள், நமக்கு அது எண்ணெய் குடித்த மாதிரி இருக்கும்.

உள்ளியைத் தட்டி இதற்குள் போட்டு வைக்க வேண்டாம். பச்சை உள்ளி எண்ணெய்க்குள் கிடந்தால் நச்சுக்கிருமி வளர இடமுண்டு. வேண்டுமென்றால் சாப்பிடுகிற நேரம் கோப்பையில் சேருங்கள், சின்ன வெங்காயமும் அப்படித்தான். போத்தல் பிரிட்ஜில் ஒரு கிழமை நிற்கும்.

கடலைக்கும் உருளைக்கிழங்குக்கும் சூடாக இருக்கும்போதே ஊற்றுங்கள், உள்ளே இழுக்கும். கோவாவை மெல்லிசாக அரிந்தால் ஊற்றிக் கையால் பிசைந்து கொஞ்ச நேரம் விடலாம். வெள்ளரிக்காய்க்கு அப்படிச் செய்தால் தண்ணீர் விட்டுவிடும், கடைசியில்தான். பாணுக்கு வைத்துச் சாப்பிட, இதில் ஒரு கரண்டியைத் தயிரோடு அடித்துக்கொண்டால் மயோனைஸ் வாங்கத் தேவையில்லை. பொரித்த மீனுக்கு மேலே கொஞ்சம் விட்டுப் பாருங்கள்.

வல்லாரைக்கு மட்டும் இதைக் கொண்டுபோகாதீர்கள். அதற்குத் தேங்காய்ப்பூவும் பச்சைமிளகாயும் போட்ட சம்பல்தான், அதில் எனக்குப் பிடிவாதம்.

அன்புடன்,
அக்கா