‘நாளை விடுதலை’: எந்த விடுதலை?

கேள்வி: ரியூசன் வகுப்பில் என் மகனுக்கு, ஆடி மாதம் பிறக்கும் நாளைக் கொண்டாடும் ஆடிப்பிறப்புப் பாட்டின் ‘உட்பொருள்’ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ‘விடுதலை’ என்பது நாட்டு விடுதலையாம். வெள்ளைக்காரனுக்கு விளங்காதபடி புலவர் மறைத்துப் பாடினாராம். கொழுக்கட்டைக்குள் இருக்கும் வெல்லம் ஆன்மாவாம். ‘பூவைத் துருவிப் பிழிந்து’ என்றால் ஏழைகள் கசக்கப்படுவதாம். ஆச்சி காலத்திலிருந்து பாடுகிறோம், இதெல்லாம் எங்களுக்குத் தெரியாமற் போய்விட்டதே! எது சரி?
– வாசகர், சங்கானை

பதில்: உங்களுக்குத் தெரிந்திருந்ததுதான் சரி. ‘பள்ளிக்கூடம் விடுதலை’ என்று யாழ்ப்பாணத்துப் பிள்ளை சொன்னால் அண்டைக்குப் பள்ளிக்கூடம் இல்லை என்று அர்த்தம். ‘ஆடிப்பிறப்புக்கு நாளை விடுதலை’ என்று துள்ளுவது அந்தப் பிள்ளை. கூப்பிடுவதும் தோழர்களைத்தான், கூழ் குடிக்க. பாட்டைப் பாடிய சோமசுந்தரப் புலவர் வாத்தியாராக இருந்தவர்; நாளைக்கு லீவு என்றதும் வகுப்பு என்ன பாடுபடும் என்பதை அவருக்கு ஒருவரும் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டியதில்லை.

‘பூ’ விஷயம் இன்னும் மோசம். பாட்டில் துருவிப் பிழிவது தேங்காய்ப்பூவை. உங்கள் குசினியில் தேங்காய் துருவும் திருவலைக்கு முன்னால் நாளாந்தம் குவிகிற அதே பூ. ஏழைகள் கசக்கப்படுவது என்று வகுப்பில் எழுதிக் கொடுத்தது தேங்காய்ப் பால் பிழிவதை. மல்லிகையையும் முல்லையையும் துருவுகிற குசினி எந்த ஊரில் இருக்கிறது என்று அந்த ஆசிரியரை ஒருக்கால் கேட்டுப் பாருங்கள். சொல்லின் நேர்ப்பொருளே பிடிபடாதவர் உட்பொருளுக்குப் போவது, வாசற்படி தெரியாமல் சாமியறையைத் தேடுகிற மாதிரி.

பாட்டுக்குள் இன்னொரு பாட்டு ஒளிந்திருக்கவே முடியாது என்று நான் சொல்ல வரவில்லை. கடுவெளிச் சித்தரின் ‘நந்தவனத்தில் ஓர் ஆண்டி’யை எடுத்துக்கொள்ளுங்கள். நாலாறு மாதமாகக் குயவனைக் கெஞ்சி ஒரு தோண்டி வாங்குகிறான். வாங்கினவன் தண்ணீர் அள்ளினானா? கூத்தாடிக் கூத்தாடிப் போட்டுடைத்தான். கதையாகக் கேட்டால் இடிக்கிறது. ஒரு மண்தோண்டிக்கு எவனாவது மாதக்கணக்கில் காத்திருப்பானா? அந்த இடறலில்தான் சித்தர் சாவியை வைத்திருக்கிறார். நாலும் ஆறும் பத்து. பத்து மாதம் என்றதும் கர்ப்பம் தெரிகிறது, தோண்டி உடம்பாகிறது, குயவன் படைத்தவனாகிறான், ஆண்டி உயிராகிறான். ஒன்றைத் திறந்தால் மற்றதெல்லாம் தானாகத் திறக்கிறது. ஒன்றையும் நெம்ப வேண்டியதில்லை.

ஆடிப்பிறப்புப் பாட்டிலும் ஒரு தோண்டி வருகிறது. அதில் நீர் விட்டு, மாவைக் கொட்டிக் குழைக்கிறார்கள். அந்தத் தோண்டியைக் கவிழ்த்துத் தட்டினாலும் உயிர் விழாது, மாத்தான் விழும். பயறு வறுப்பதிலிருந்து பலாவிலையைக் கோலிக் கூழ் குடிப்பது வரை பாட்டில் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. எங்கும் இடறவில்லை. இடறாத இடத்தில் எதற்குக் குனிந்து தேடுவது?

கூழில் போடுகிற பனங்கட்டிக்கும் இப்படி ஏதாவது எழுதியிருப்பார்கள், நீங்கள் இரக்கப்பட்டு விட்டுவிட்டீர்கள் போலிருக்கிறது. புலவர் பனையின் பயன்களைச் சொல்லவே ‘தாலவிலாசம்’ என்று தனியாக ஒரு நூல் பாடியவர். பனையைப் புகழ அவருக்கு மறைவிடம் தேவைப்படவில்லை.

ஒன்றைச் சொல்லி அதற்குள் இன்னொன்றை வைக்கிற உள்ளுறைக்கு எங்கள் பழைய இலக்கணமே வேலி போட்டிருக்கிறது. தெய்வம் தவிர்ந்த மற்றக் கருப்பொருள்களை நிலைக்களனாகக் கொண்டுதான் உள்ளுறை வரும் என்கிறது தொல்காப்பியம். அதாவது அந்த நிலத்து மரம், விலங்கு, பறவை, தொழில். அதைச் சொன்னவர்களை ‘குறியறிந்தோர்’ என்கிறது. நண்டு எப்படி வளைக்குள் ஓடும் என்று தெரியாதவனுக்குக் கடற்கரையைப் பாடும் நெய்தற் பாட்டின் உள்ளுறை எட்டாது. கூழ் காய்ச்சுவதைக் காணாதவருக்குக் கூழ்ப்பாட்டும் அப்படித்தான். ஆன்மாவைக் கொண்டுவந்து கொழுக்கட்டைக்குள் வைப்பது சுகமான வேலை. கொழுக்கட்டை அவிப்பதுதான் கஷ்டம்.

அதே புலவரின் கத்தரி வெருளிப் பாட்டில் யாராவது இரண்டாம் பொருள் கண்டால் நான் சண்டைக்குப் போகமாட்டேன். பறவைகளை விரட்டத் தோட்டத்தில் நிறுத்துகிற பொம்மையான வெருளியைச் ‘சேவகா’ என்று கூப்பிட்டு, கூலியும் வாங்காமல் வேலை பார்ப்பவன் உன்னைப்போல் யார் என்று கேட்கும்போது, கூலி வாங்கியும் வெருளியாக நிற்கிறவர்கள் பக்கம் புலவரின் கடைக்கண் போகிறது. அந்தக் குறும்பு வரியிலேயே இருக்கிறது. நாங்கள் கொண்டுபோய் வைத்ததல்ல.

‘விடுதலை’க்கு வேறு பொருளே கேட்கக்கூடாதா என்று நீங்கள் திரும்பக் கேட்கலாம். கேட்கலாம், கேட்டும் இருக்கிறது. புலவரின் ஊர் நவாலி. 1995 யூலை 9 அன்று அங்கே சென். பீற்றர்ஸ் தேவாலயத்தில் தஞ்சமடைந்திருந்த சனத்தின் மேல் குண்டு விழுந்தது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். ஆடிப்பிறப்புக்கு ஒரு கிழமைதான் இருந்தது. அதற்குப் பிறகு அந்த ஊரில் ‘நாளை விடுதலை’ என்று ஒரு பிள்ளை பாடினால், கேட்கிற பெரியவர்களின் மனம் பள்ளிக்கூட லீவோடு நின்றிருக்குமா? நிற்காது. ஆனால் அது 1953இல் கண்மூடிய புலவர் ஒளித்துவைத்துவிட்டுப் போன பொருள் அல்ல. பாட்டின் மேல் காலம் கொண்டுவந்து இறக்கிய சுமை. கேட்டவரின் துயரத்தைப் புலவரின் தந்திரமாக மாற்றி எழுதினால் இருவருக்குமே அநியாயம்.

ஆசிரியரை மட்டும் குற்றம் சொல்லவும் எனக்கு மனமில்லை. ‘நயம் எழுதுக’ என்று பரீட்சைத் தாள் கேட்கிறது. ‘பிள்ளைக்குச் சந்தோசம்’ என்று ஒரு வரியில் எழுதினால் யார் புள்ளி போடுவார்கள்? அதனால் ஆன்மா, அடிமைத்தளை, குறியீடு என்று அகப்பட்டதையெல்லாம் கூழ்ப்பானையில் போடுகிறார்கள்.

மகனின் கொப்பியில் உள்ளதை அழிக்க வேண்டாம். கீழே இரண்டு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: ‘விடுதலை – பள்ளிக்கூடம் இல்லாத நாள். பூ – துருவிய தேங்காய்.’ புள்ளி குறைந்தால் நான் பொறுப்பில்லை.