பீச் மரத்தைக் கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் வைத்தால்…

கேள்வி: வணக்கம் அண்ணா. ரொறன்ரோவுக்குப் பக்கத்து மார்க்கம் நகரில் டவுன்ஹவுஸ் ஒன்றில் இருக்கிறோம். பின்வளவு கைக்குட்டை அளவுதான். இரண்டு வருடத்துக்கு முன் மே மாதம் நேர்சரியில் பூவோடு நின்ற குள்ள பீச் மரம் ஒன்றைச் சாடியோடு வாங்கினேன். அந்தக் கோடையில் ஐந்து பழம் தந்தது. குளிரில் பட்டுப்போகக் கூடாதே என்று ஒக்டோபரிலேயே உள்ளே எடுத்து, கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் யன்னலோரம் வைத்தேன். இரண்டு குளிர்காலமும் அப்படித்தான். போன வருடமும் பூ இல்லை, இந்த வருடமும் இல்லை. இலைகூடக் கிளை நுனியில்தான் கொஞ்சம். மாமி இது ஆண் மரம், வெட்டி எறி என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: வெட்ட வேண்டாம், தங்கச்சி. மாமியின் சந்தேகத்தை முதலில் தீர்த்துவிடுவோம். பனையிலும் பப்பாளியிலும் ஆண், பெண் தனித்தனி மரம். பீச்சில் அப்படி இல்லை. ஒரே பூவுக்குள் மகரந்தமும் இருக்கிறது, சூலகமும் இருக்கிறது. அநேகமான இனங்களுக்குத் துணை மரமும் வேண்டாம். ஐந்து பழம் தந்த மரம் ஆண் மரமாக இருக்க முடியாது என்று சொல்லுங்கள், கேட்டுக்கொள்வார்.

உங்கள் மரத்துக்கு நோய் ஒன்றும் இல்லை. இரண்டு வருடமாக அது நித்திரை கொள்ளவில்லை, அவ்வளவுதான். நீங்கள் பாசத்தோடு கறிவேப்பிலைக்குச் செய்ததையே இதற்கும் செய்துவிட்டீர்கள். கறிவேப்பிலை வெப்பநாட்டுச் செடி, ஸ்னோ விழ முதல் உள்ளே வராவிட்டால் செத்துப்போகும். பீச் வேறு சாதி. கோடை முடியும்போதே அடுத்த வருடத்துப் பூமொட்டுகளைக் கட்டி, பூட்டுப் போட்டுவிடும். பூட்டைத் திறப்பது குளிர்தான்: ஏறத்தாழ 0 முதல் 7 செல்சியஸ் பாகைக்குள் எத்தனை மணி நேரம் இருந்தோம் என்று மொட்டு கணக்கு வைத்துக்கொள்ளும். அந்தக் கணக்கு நிறையாமல் வசந்தம் வந்தால் பூமொட்டு உதிரும், இலைமொட்டு அரைகுறையாக விரியும். இலை நுனியில் மட்டும் என்று எழுதியிருக்கிறீர்களே, அது இதன் அடையாளம். 21 பாகையில் இருக்கும் உங்கள் ஹோலில் குளிர்காலம் முழுக்க நின்றாலும் கணக்கில் ஒரு மணி நேரமும் ஏறாது.

எத்தனை மணி நேரம் வேண்டும்? நயாகராத் தோட்டங்களில் நிற்கும் பெரிய மரங்களுக்கு 800, 1000 என்று போகும். சாடியில் விற்கும் குள்ள இனங்கள் பல கலிபோர்னியாவில் உருவானவை, அவற்றுக்குச் சுமார் 250 முதல் 600 வரை போதும். 600 மணி நேரம் என்பது 25 நாள். கனடாவில் இருந்துகொண்டு அதற்கா பஞ்சம்!

அப்படியென்றால் வெளியிலேயே விட்டுவிடலாமே என்று நினைப்பீர்கள். நானும் ஒருமுறை அப்படித்தான் நினைத்தேன். டெக்கில் நின்ற என் மரம் ஏப்ரலில் அழகாக மொட்டு வெடித்தது. பட்டையைச் சுரண்டிப் பார்த்தால் உள்ளே பச்சை. இரண்டு கிழமையில் எல்லாம் வாடித் தொங்கியது. சாடியைக் கவிழ்த்தேன், வேர் முழுக்கக் கறுத்து, கையில் தோல் கழன்று வந்தது. மேலே இருக்கும் கிளை மைனஸ் 20 பாகையைத் தாங்கும். வேருக்கு அந்தத் தெம்பு கிடையாது. நிலத்தில் நட்ட மரத்துக்கு மண் போர்வை. சாடியில் நிற்கும் மரத்துக்கு நாலு பக்கமும் காற்று.

இரண்டுக்கும் நடுவில் உங்களிடம் ஓர் இடம் இருக்கிறது: கராஜ். வீட்டோடு ஒட்டிய, ஹீட்டர் போடாத கராஜ் என்றால் இதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் அவசரப்பட வேண்டாம். ஒக்டோபர், நவம்பர் முழுக்க வெளியிலேயே நிற்கட்டும். இலை மஞ்சளாகித் தானாக விழ வேண்டும், இரண்டு மூன்று உறைபனியும் படட்டும். அந்த நாட்களே குளிர்க் கணக்கில் நன்றாகச் சேரும். இரவு மைனஸ் 5 என்று தொடர்ந்து வரத் தொடங்கியதும் உள்ளே தள்ளுங்கள். இலை இல்லாத மரத்துக்கு வெளிச்சம் தேவையில்லை, மூலையில் கார் டயருக்குப் பக்கத்தில் நின்றாலும் சரி. சீமெந்துத் தரையில் நேராக வைக்காமல் பலகைத் துண்டு ஒன்றைக் கீழே கொடுங்கள். சாடியைப் பழைய கம்பளியால் சுற்றிவிடுங்கள். பத்து டொலர் வெப்பமானி ஒன்றை மரத்தடியில் தொங்கவிட்டால் மனதும் நிம்மதி.

தண்ணீரை மறந்துவிடாதீர்கள். கராஜில் செத்துப்போகும் மரங்களில் பல குளிரால் அல்ல, காய்ந்துதான் சாகின்றன. மாதம் ஒரு தடவை, இரண்டு தடவை மண்ணைத் தொட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் கொஞ்சம் ஊற்றினால் போதும். சோம்பலாக இருந்தால் வாசலில் கிடக்கும் ஸ்னோவை ஒரு சவளால் அள்ளிச் சாடியில் போடுங்கள், மெதுவாக உருகி இறங்கும். உப்புப் போட்ட ட்ரைவ்வே ஸ்னோ மட்டும் வேண்டாம்.

சிக்கல் மார்ச்சில்தான் வரும். குறைந்த குளிர் போதும் என்ற இனம் ஜனவரியிலேயே கணக்கை முடித்துவிட்டு, எப்போது வெயில் வரும் என்று பார்த்துக்கொண்டு இருக்கும். நாலு நாள் சூடு வந்தால் விழித்துவிடும். வெளியே தள்ள அவசரப்பட்டீர்களோ, பூ கருகும்: முழுதாக மலர்ந்த பூவில் மைனஸ் 2.8 பாகையில் பத்தில் ஒன்று போகும், மைனஸ் 4.4 பாகையில் பத்தில் ஒன்பது. ரொறன்ரோப் பக்கம் மே முதல் பாதி வரை உறைபனிக்கு இடமுண்டு. அதனால் சாடியைச் சில்லு வைத்த பலகையில் ஏற்றிவிடுங்கள். மொட்டு பருத்ததும் பகலில் வெளியே, இரவில் உள்ளே. கொஞ்சம் அலுப்பான வேலைதான், இரண்டு மூன்று கிழமைக்குத்தான்.

கராஜுக்குள் பூத்தால் தேனீ வராது. பிள்ளைகளின் மெல்லிய வர்ணத் தூரிகையால் மத்தியான நேரத்தில் பூவுக்குப் பூ தொட்டுக்கொண்டு போங்கள். இரண்டு மூன்று நாள் தொடர்ந்து செய்தால் பிஞ்சு பிடிக்கும்.

இந்தக் கராஜ் ஏற்பாட்டால் இன்னொரு லாபமும் உண்டு. பீச்சில் வசந்தத்தில் இலை சிவந்து, தடித்து, சுருண்டு போகும் ஒரு பூஞ்சண நோய் இங்கே மிகச் சாதாரணம். மொட்டு விரியும் நேரத்தில் மழைத் தண்ணீர் பட்டால்தான் அது உள்ளே புகும். அந்த நேரம் கூரைக்குக் கீழே நிற்கும் மரத்துக்கு வருவது அரிது. நிலத்தில் நட்டவர்கள் மருந்தடித்து மல்லுக்கட்டும்போது நீங்கள் தேநீர் குடிக்கலாம்.

இனி, இப்போது செய்ய வேண்டியது. ஓகஸ்ட் ஆகிவிட்டது, பசளையை நிறுத்துங்கள். இதற்குமேல் போட்டால் குளிர் வரும்வரை இளந்தளிர் விட்டுக்கொண்டே இருக்கும். வெட்டுவதும் வேண்டாம், காய்ந்த குச்சியைத் தவிர மற்றதெல்லாம் வசந்தத்துக்கு. இந்த வருடம் முளைத்த கிளையில்தான் அடுத்த வருடம் பூ, அதை வெட்டினால் பூவையே வெட்டியதாகும். ஒக்டோபரில் இலை விழுந்த பிறகு அந்தக் கிளையைக் கிட்டப் பாருங்கள். கணுவில் மூன்று மொட்டு ஒட்டிக்கொண்டு நிற்கும். நடுவில் ஒல்லியாகக் கூராக நிற்பது இலை. இரு பக்கமும் பயறு போல உருண்டு, சாம்பல் மயிரோடு இருப்பவை பூ. அப்படி இருபது முப்பது கணு தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஒல்லி மொட்டு மட்டும்தான் என்றால் மரம் களைத்துப்போயிருக்கிறது. இந்தக் குளிர்காலம் நன்றாகத் தூங்கி எழும்பி, அதற்கு அடுத்த வருடம் பூக்கும்.

சாடி 45 முதல் 50 சென்ரிமீற்றர் அகலமாவது இருக்கட்டும். வளவு மண்ணை அள்ளிப் போடாதீர்கள், இந்தப் பக்கத்துக் களிமண் சாடிக்குள் செங்கல்லாகும். கடையில் விற்கும் சாடிமண்தான் சரி. அடியில் கல் பரப்புவது நம் ஆட்கள் விடாத பழக்கம், அதனால் தண்ணீர் வடிவது அதிகரிக்காது, வேருக்கு இடம்தான் குறையும். அடியில் ஓட்டை திறந்திருந்தால் போதும். கோடையில் 30 பாகை அடிக்கும்போது தினமும் தண்ணீர் கேட்கும்.

பிஞ்சு கோலிக்குண்டு அளவுக்கு வந்ததும் மனதைக் கல்லாக்கிக்கொண்டு கிள்ள வேண்டும். ஒரு பிஞ்சுக்கும் அடுத்ததற்கும் ஒரு சாண் இடைவெளி. உங்கள் வயது மரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு பழத்துக்கு மேல் ஆசைப்பட வேண்டாம். எல்லாவற்றையும் விட்டால் கொட்டையும் தோலும்தான் மிஞ்சும். பழுக்கும் நேரத்தில் அணிலும் ரக்கூனும் உங்களுக்கு முதல் வந்துவிடும். கம்பி வலைதான் நம்பிக்கை, துணிப்பையை அணில் கிழித்துவிடும்.

கடைசியாக, மரத்தில் தொங்கும் பெயர் அட்டையைத் தேடிப் பாருங்கள். ‘குள்ளம்’ என்ற ஒரே சொல்லில் இரண்டு சாமான் விற்கிறார்கள். ஒன்று, சாதாரண பீச்சைக் குட்டையாக்கும் ஒட்டுக்கட்டையில் ஒட்டியது. கவனிக்காவிட்டால் ஆளை மிஞ்சி வளரும், சாடிக்குத் தோதில்லை. மற்றது பிறவியிலேயே குள்ளம்: கணுக்கள் நெருங்கி, இலை குஞ்சம் குஞ்சமாகத் தொங்கி, ஐந்து ஆறு அடியோடு நின்றுவிடும். உங்களுடையது இரண்டாவது வகையாக இருந்தால் நல்லது. இலை கருஞ்சிவப்பாக இருந்து அட்டையில் ‘பொன்ஃபயர்’ என்று போட்டிருந்தால் மட்டும் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஆர்கன்சா பல்கலைக்கழகம் அதை அழகுக்காக உருவாக்கியது. பழம் சிறிது, ருசியும் சுமார்தான். ஊறுகாய் போடத் தெரிந்த மாமி வீட்டில் இருப்பதால் அதுவும் வீணாகாது.