ஏழு வயது ராஜபாளையம் நாயை வீட்டுக்கு அழைத்து வரலாமா?

கேள்வி: ஸ்ரீவில்லிபுத்தூர் அருகே தோட்டத்தில் வசித்த பெரியப்பா அண்மையில் காலமானார். பெரியம்மா சென்னையில் மகனுடைய அடுக்குமாடி வீட்டுக்குப் போகிறார். அவர்கள் வளர்த்த 7 வயது ஆண் ராஜபாளையம் நாயைப் பாளையங்கோட்டையில் உள்ள எங்கள் வீட்டுக்கு அழைத்து வர விரும்புகிறோம். எங்களுக்கு 5 வயதில் மகள் இருக்கிறாள். வயதான பெரிய நாய் புது வீட்டில் பழகுமா?

பதில்: பழகும். குட்டிப் பருவத்துக் குதியாட்டமும் கண்டதைக் கடிக்கும் பழக்கமும் அடங்கி, குணம் இன்னதென்று தெரிந்துவிட்ட நாயை ஏற்பதில் வசதிகளே அதிகம். ஆனால் பெரிய நாய்கள் சிறிய இனங்களைவிட விரைவாக மூப்படைவதால், 7 வயதில் முதுமை தொடங்கிவிடுகிறது. இந்த வயதில் சாதுவான நாய் திடீரென்று உறுமினால், பெரும்பாலும் அதற்கு எங்கோ வலிக்கிறது, அல்லது நீங்கள் வந்தது அதன் காதில் விழவில்லை. ஆகவே மகளுடன் பழகவிடுவதற்கு முன் இவ்விரண்டையும் சோதித்துவிடுங்கள்.

மூட்டு வலியை நாய் வாய்விட்டுக் காட்டுவதில்லை. அது எழுந்திருக்கும் விதத்தில்தான் தெரியும். முன்னங்கால்களை ஊன்றிய பிறகு பின்புறத்தைத் தூக்கச் சிரமப்படுகிறதா, பின்னங்கால்கள் இரண்டையும் சேர்த்துவைத்துத் தாவுகிறதா, ஒரே மூட்டைத் திரும்பத் திரும்ப நக்குகிறதா என்று தோட்டத்திலேயே காலையில் அது விழிக்கும் நேரத்தில் இருந்து பாருங்கள். இவற்றில் ஒன்று தென்பட்டாலும் இடுப்புக்கு எக்ஸ்-ரே எடுப்பது நல்லது. திருநெல்வேலி ராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருப்பது உங்களுக்கு வசதி. தோட்டத்து நாய் என்பதால் உண்ணிக் காய்ச்சலுக்கான ரத்தப் பரிசோதனையையும், வயதை முன்னிட்டு சிறுநீரகம், கல்லீரல், பல், இதயம் ஆகியவற்றின் பரிசோதனையையும் சேர்த்தே செய்துவிடுங்கள். வலி இருப்பது தெரிந்தால், வீட்டில் இருக்கும் பாராசிட்டமால், இபுபுரூஃபன் போன்ற மனிதர்களுக்கான மாத்திரைகளை ஒருபோதும் கொடுக்காதீர்கள். அவை நாயின் உயிருக்கே ஆபத்தானவை.

காது விஷயத்தில் ராஜபாளையத்துக்குத் தனிக் கவனம் தேவை. வெண்ணிற உடலும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்ட இந்த இனத்தில் பிறவிச் செவிட்டுத்தன்மை அறியப்பட்ட குறை. உட்செவியில் நிறமி உயிரணுக்கள் இல்லாமல் போவதே அதற்குக் காரணம். அதன் மேல் வயது மூப்பும் சேரும். நாய் வேறு பக்கம் பார்த்திருக்கும்போது, காற்றோ தரை அதிர்வோ அதை எட்டாத தூரத்தில் நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். காது மடல் அசையாவிட்டால் அதற்குக் கேட்கவில்லை என்று கொள்ளலாம். ஒரு காது மட்டும் கேட்காத நாய் இந்தச் சோதனையில் தேறிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

காது கேட்டாலும் கேட்காவிட்டாலும், அது தூங்கும்போதும் சாப்பிடும்போதும் மகள் அருகில் போகக் கூடாது. கழுத்தைக் கட்டிக்கொள்ளவும் கூடாது. பெரியவர் ஒருவர் அதே அறையில் இல்லாத நேரத்தில் இருவரையும் தனியே விடாதீர்கள். நாய் உறுமினால் அதட்டாமல் குழந்தையை விலக்கிவிடுங்கள். உறுமலுக்கு அடி வாங்கிய நாய் அடுத்த முறை எச்சரிக்காமலே கடிக்கக்கூடும். வெறிநாய்க்கடித் தடுப்பூசி ஆண்டுதோறும் போட்டிருக்க வேண்டும். அப்படியிருந்தும் பல்லோ நகமோ தோலைக் கீறிவிட்டால், சோப்பு போட்டு 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.

வீட்டில் நீங்கள் மாற்ற வேண்டியது முதலில் தரையைத்தான். மண்ணில் நடந்த கால்கள் டைல்ஸில் வழுக்கும். ஒரு முறை சறுக்கி விழுந்த பெரிய நாய் அந்த அறைக்குள் வரவே அஞ்சும். அது நடமாடும் வழியெங்கும் ரப்பர் அல்லது தேங்காய்நார் மிதியடிகளை விரித்து, முழங்கை காய்த்துப்போகாதபடி தடித்த பஞ்சுப் படுக்கையைக் கொடுங்கள். அதன் மேல் தோட்டத்தில் அது படுத்திருந்த பழைய விரிப்பைத் துவைக்காமல் போடுங்கள். அந்த வாசனை அதற்கு ஆறுதல். உணவை ஒரு வாரத்துக்கு மாற்றாதீர்கள். முடிந்தால் பெரியம்மா சென்னைக்குப் புறப்படுமுன் சில நாட்கள் உங்கள் வீட்டில் தங்கட்டும். எசமானரை இழந்த நாய், பழகிய குரலையும் ஒரே நாளில் இழப்பது கொடுமை. முதல் நாட்களில் அது சாப்பிடாமல் வாசலையே பார்த்துக் கிடக்கலாம். இரண்டு நாளுக்கு மேல் எதுவுமே உண்ணாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். முழுதாகப் பழக மூன்று மாதம் ஆகலாம். ராஜபாளையம் அந்நியரை எளிதில் நம்பாத காவல் இனம் என்பதால், பால்காரரும் சிலிண்டர் கொண்டுவருபவரும் வரும் நேரத்தில் அது உள்ளே இருக்கட்டும்.

அழைத்து வருமுன், அது யாரையாவது ரத்தம் வரக் கடித்ததுண்டா என்று பெரியம்மாவிடமும் தோட்டத்தில் வேலை செய்தவர்களிடமும் கேட்டுவிடுங்கள். குழந்தையைக் கடித்திருந்தால், இப்போதைக்கு உங்கள் வீடு அதற்கு ஏற்றதல்ல. அப்போது, சிறு பிள்ளைகள் இல்லாத, அதற்கு ஏற்கெனவே பழகிய தோட்டத்துக் குடும்பம் எதுவும் ஏற்றுக்கொள்ளுமா என்று விசாரித்து, மருத்துவச் செலவை நீங்கள் பொறுப்பேற்றுக்கொள்ளலாம்.