கேளுங்கள், சொல்கிறேன்: கம்ப்யூட்டர் லீக்கில் யாருக்கு மரியாதை?

கே: ராயபுரத்தில் நீங்களும் நண்பர்களும் கம்ப்யூட்டரில் நடத்தும் பழங்கால பேஸ்பால் லீக்கின் ‘ஹால் ஆஃப் ஃபேம்’ என்ற புகழ்ப் பட்டியலில் ஹெர்ப் ஸ்கோர் என்ற பிட்சரை (பந்து வீசுபவரை) சேர்த்ததாகப் போன இதழில் எழுதியிருந்தீர்கள். நிஜத்தில் அவர் ஜெயித்தது 55 ஆட்டம்தான். ஆடாத ஆட்டத்துக்கு எதற்கு மரியாதை?
- வாசகர், வியாசர்பாடி

ப: நியாயமான கேள்வி. அமெரிக்க பேஸ்பாலில் எந்த வீரர் எந்த வருடம் என்ன செய்தார் என்ற கணக்கு நூறு வருடத்துக்கும் மேலாகப் பத்திரமாக இருக்கிறது. அதை வைத்துத்தான் இந்த விளையாட்டே நடக்கிறது. 1961இல் ஹால் ரிச்மன் கொண்டுவந்த ‘ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்’ என்ற விளையாட்டில் வீரருக்கு அவர் கணக்கை வைத்து ஓர் அட்டை, கூடவே பகடை. இன்று அந்தப் பகடையைக் கம்ப்யூட்டர் உருட்டுகிறது. யாருக்கு எப்போது அடிபடும், யார் எந்த வயதில் தளர்வார் என்பதும் உருட்டலில்தான் முடிவாகும். அதனால் பழைய வரலாறு அப்படியே திரும்பி வராது.

ஸ்கோர் 1955இல் க்ளீவ்லாண்ட் அணிக்கு வந்த முதல் சீசனிலேயே 245 பேரைத் தன் வீச்சாலேயே அவுட்டாக்கியவர், அதாவது ‘ஸ்ட்ரைக் அவுட்’ செய்தவர். 1957 மே 7 அன்று, யாங்கீஸ் வீரர் கில் மெக்டூகல் அடித்த பந்து நேரே வந்து அவர் கண்ணில் பட்டது. அப்போது அவருக்கு வயது 23. அந்தப் பந்தால்தான் அவர் ஆட்டம் போனது என்று ஊரே சொல்லும். அவரோ, மறு வருடம் கையில் பட்ட காயம்தான் காரணம் என்று சொல்லிவந்தார். எங்கள் லீக்கில் அந்தப் பந்தும் வரவில்லை, கையும் போகவில்லை. கல்மண்டபம் பக்கத்து மொட்டை மாடியில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் உட்கார்ந்து, அவர் வீசிய சீசன் ஒவ்வொன்றையும் பார்த்தோம். வயதான பிறகும் இடதுகையால் அந்த வேகத்தில் வீசிக்கொண்டே இருந்தார். பார்த்ததற்குத்தான் ஓட்டு.

கே: சாண்டி கூஃபாக்ஸைத் தள்ளிவிட்டீர்களாமே! இது அநியாயம் அண்ணா.
- கல்லூரி மாணவி, தண்டையார்பேட்டை

ப: கோபம் புரிகிறது தங்கச்சி. நிஜ கூஃபாக்ஸ் 1966இல் 27 ஆட்டம் ஜெயித்துவிட்டு, கை வலியால் 30 வயதிலேயே ஓய்வு பெற்றார். 1972இல், 36 வயதிலேயே கூப்பர்ஸ்டவுனுக்கு, அதாவது அங்கே இருக்கும் நிஜ ஹால் ஆஃப் ஃபேமுக்குத் தேர்வானார். ஆனால் 1960 முடியும்வரை அவர் கணக்கு என்ன தெரியுமா? 36 வெற்றி, 40 தோல்வி. வேகம் இருந்தது, பந்து சொன்ன இடத்துக்குப் போகவில்லை. அதற்கு அடுத்த வருடம்தான் எல்லாம் மாறியது. எங்கள் லீக்கில் அந்த மாற்றம் வரவே இல்லை. நல்ல பிட்சராகாமலே போய்விட்டார்.

ஓட்டெடுப்பு அன்று ஐசிஎஃப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் அவருக்காக ரொம்ப நேரம் வாதாடினார். எனக்கும் கூஃபாக்ஸ் என்றால் உயிர். ஆனாலும் எங்கள் லீக்கில் ஆடியதை மட்டும்தான் பார்க்க வேண்டும் என்பதில் நான் கறார். நிஜத்தில் சாதித்தார் என்று கூஃபாக்ஸை உள்ளே விட்டால், நிஜத்தில் சாதிக்கவில்லை என்று ஸ்கோரை வெளியே அனுப்ப வேண்டிவரும்.

கே: தேர்வு விதிகள் என்ன?
- வாசகர், கொருக்குப்பேட்டை

ப: கூப்பர்ஸ்டவுன் விதிகள்தான். 10 சீசன் ஆடியிருக்க வேண்டும், ஓய்வு பெற்று 5 வருடம் கழிய வேண்டும், 75 சதவீத ஓட்டு வேண்டும்.

கே: எல்லாருடைய ஓட்டையும் வாங்கியவர் உண்டா?
- வாசகி, காசிமேடு

ப: ஒரே ஒருவர், ஜாஷ் கிப்சன். இவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும் அம்மா.

கிப்சன் கேட்சர் (நம் விக்கெட் கீப்பர் மாதிரி), பயங்கரமான அடி. கறுப்பர் என்பதால் மேஜர் லீக்கில் ஒரு பந்தைக்கூட அவர் சந்திக்க விடவில்லை. ஹோம்ஸ்டெட் கிரேஸ், பிட்ஸ்பர்க் கிராஃபோர்ட்ஸ் என்று, கறுப்பர்களுக்கெனத் தனியாக இருந்த நீக்ரோ லீக் அணிகளிலேயே ஆடினார். 1947 ஜனவரியில் 35 வயதில் நோயால் இறந்துபோனார். அதே வருடம் ஏப்ரல் 15 அன்று ஜாக்கி ராபின்சன் அந்த நிறத் தடையை உடைத்து, மேஜர் லீக்கில் புரூக்ளின் அணிக்காகக் களமிறங்கினார். மூன்று மாதம்கூட இடைவெளி இல்லை. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சை அடைக்கும்.

1972இல் கூப்பர்ஸ்டவுன் அவரைச் சேர்த்தது. 2024இல் மேஜர் லீக் நிர்வாகம் நீக்ரோ லீக் கணக்கையும் சேர்த்தபோது, அவருடைய .372 பேட்டிங் சராசரி, அதுவரை முதலிடத்தில் இருந்த டை காப்பின் .367ஐத் தாண்டி முதலிடத்துக்குப் போனது. ஊர் ஊராகப் போய் ஆடிய காட்சி ஆட்டங்கள் அதில் சேராது, லீக் ஆட்டங்கள் மட்டும்தான்.

எங்கள் லீக்கில் 1920இலிருந்தே கறுப்பர், வெள்ளையர் எல்லாரும் ஒரே களத்தில் ஆடுகிறார்கள். அந்த நோய் இங்கே கிப்சனுக்கு வரவில்லை. பாப் ஃபெல்லர் வீச, நரைத்த வயதில் கிப்சன் அடித்த ஒரு ஹோம் ரன்னுக்கு மாடியில் நாங்கள் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டுக்காரர்கள் ஏறி வந்துவிட்டார்கள். ஓட்டு என்று கேட்டதும் எல்லாக் கையும் மேலே போனது. கூப்பர்ஸ்டவுனில் 1936இல் பேப் ரூத்துக்கே 226இல் 215தான் கிடைத்தது. முழு ஓட்டும் வாங்க 2019இல் மரியானோ ரிவேரா வரவேண்டியிருந்தது.

கே: பீட் ரோஸ்?
- வாசகர், திருவொற்றியூர்

ப: சேர்த்துவிட்டோம். பேஸ்பாலில் பந்தயம் கட்டியதற்காக 1989இல் அவர் மேல் விழுந்த தடை எங்கள் லீக்கில் இல்லை. விதிப்படி ஓட்டுப் போட்டேன், மனதாரப் போடவில்லை.

கே: நம் வடசென்னை குத்துச்சண்டைப் பரம்பரைகளுக்கு இப்படி ஒரு லீக் நடத்த முடியுமா? சார்பட்டா பெரிதா, இடியாப்பாவா என்று தாத்தா காலத்திலிருந்து சண்டை ஓயவில்லை.
- வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

ப: எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் கணக்கு வேண்டுமே. பேஸ்பாலுக்கு ஹென்றி சாட்விக் என்ற பத்திரிகையாளர் கிடைத்தார். ஒவ்வொரு ஆட்டத்தையும் கட்டம் போட்டு எழுதும் ‘பாக்ஸ் ஸ்கோர்’ முறையை வளர்த்தவர் அவர். ஒரு பத்திரிகையாளருக்குக் கூப்பர்ஸ்டவுனில் இடம் கிடைத்தது அதனால்தான். நம் பக்கம் சண்டைகள் பெரும்பாலும் பெரியவர்கள் வாயில்தான் இருக்கின்றன. உங்கள் வீட்டுப் பெட்டியில் பழைய சண்டை நோட்டீஸ் இருந்தால் படமெடுத்து இதழ் முகவரிக்கு அனுப்புங்கள். தாத்தாவிடமும் கேட்டு எழுதுங்கள்: எந்த வருடம், யாரோடு யார், எத்தனையாவது ரவுண்டில் முடிந்தது. இந்த மூன்றும் கிடைத்தால் முதல் சீசனை நானே ஓட்டிப் பார்க்கிறேன்.