கறிவேப்பிலையில் புழு: மருந்து அடிக்கலாமா?

கேள்வி: மொட்டைமாடியில் இட்லிப்பூ, செம்பருத்தி, சாமந்தி வைத்திருக்கிறோம். இந்தக் கோடையில் தேன்சிட்டும் பட்டாம்பூச்சிகளும் வருவதைப் பார்க்க அவ்வளவு ஆசையாக இருக்கிறது. ஆனால் கறிவேப்பிலை, எலுமிச்சைச் செடிகளைப் புழு மொட்டையடிக்கிறது. செடி விற்றவர் ஒரு பாட்டில் மருந்து கொண்டுவந்து ஒரு தடவை அடித்தும்விட்டார். தொடரலாமா? – வாசகி, திருச்சி.

பதில்: வேண்டவே வேண்டாம். நீங்கள் ரசிக்கிற பட்டாம்பூச்சியைத்தான் அவர் உங்களிடமே காசு வாங்கிக் கொல்கிறார்.

எலுமிச்சை அழகி, கறிவேப்பிலை அழகி என்ற பட்டாம்பூச்சிகள் இந்தச் செடிகளில்தான் முட்டையிடும். குட்டிப் புழு காக்கை எச்சம் மாதிரி இலைமேல் ஒட்டிக்கிடக்கும், வளர்ந்ததும் பச்சையாகிவிடும். லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை போல ஒன்றை நீட்டி நாற்றம் விடும். கடிக்காது, அரிக்காது. இரண்டு மூன்று வாரம் தின்றுவிட்டுக் கூடாகிவிடும். வளர்ந்த கறிவேப்பிலை தானே துளிர்த்துக்கொள்ளும். தேன்சிட்டும் குஞ்சுக்குப் பூச்சிகளைத்தான் பிடித்து ஊட்டுகிறது. மருந்தடித்தால் அதற்கும் இரை போச்சு.

செடி முழங்கால் உயரம்கூட இல்லை, நாலே கொத்து இலை என்றால் மட்டும் புழுவை இடம் மாற்றுங்கள். விரலால் பிய்த்து எடுக்காதீர்கள், நசுங்கிவிடும். அது உட்கார்ந்திருக்கும் இலையைக் காம்போடு கிள்ளி, பெரிய எலுமிச்சையிலோ நாரத்தையிலோ செருகிவிடுங்கள். கிள்ளிய இலை வாடியதும் தானே பக்கத்து இலைக்கு ஏறிக்கொள்ளும். பாவம் பார்த்துச் செம்பருத்தியில் விட்டால் பட்டினி கிடந்து செத்துவிடும். வீட்டில் வேறு எலுமிச்சை இல்லையா? அக்கம்பக்கத்தில் கேளுங்கள், கோயில் வில்வமரம்கூடப் போதும்.

வேப்பெண்ணெய் இயற்கைதானே என்பீர்கள். புழுவுக்கு அதுவும் விஷம்தான்.

இப்போது அந்தப் பாட்டிலுக்கு வருவோம். லேபிள் இருந்ததா? பெரும்பாலும் இருக்காது. வயலுக்கு வாங்கிய மருந்தைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வீடு வீடாக விற்கிறார்கள். 1968ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டப்படி உரிமமும் லேபிளும் இல்லாமல் இப்படி விற்பது குற்றம். யார் கேட்கிறார்கள்? புகார் கொண்டுபோனால் இந்த அலுவலகம் அந்த அலுவலகத்தைக் கைகாட்டும். ஏக்கர் கணக்கில் நிலம் இருந்தால்தான் உட்காரச் சொல்வார்கள். தொட்டி மண்ணில் குருணை மருந்து தூவுகிறவர்களும் உண்டு. வேர் அதை உறிஞ்சி இலைக்கும் பூந்தேனுக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

ஏற்கெனவே அடித்தாயிற்றே என்கிறீர்கள். என்ன மருந்து என்றே தெரியாதபோது எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்று யாராலும் சொல்ல முடியாது. கழுவினால் போகும் என்று நம்பாதீர்கள். மருந்து பட்ட கிளைகளை வெட்டிக் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் வேண்டாம். அடுத்து வரும் முதல் துளிரையும் ரசத்துக்குக் கிள்ளாமல் விட்டுவிடுங்கள். அதுவரை கறிவேப்பிலையைக் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள். அதையும் நன்றாக அலசித்தான் போட வேண்டும்.