வோல்டேஜ் குறைந்தால் கரண்ட் கூடுமா?

கேள்வி: எங்கள் கீசரில் 230 வோல்ட், 2000 வாட் என்று போட்டிருக்கிறது. சாயங்காலம் ஆனால் வோல்டேஜ் 180-க்கு இறங்கிவிடுகிறது, தண்ணீர் சூடாக ரொம்ப நேரம் பிடிக்கிறது. வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால்தான் வாட், அதனால் வோல்ட் குறைந்தால் ஆம்பியர் கூடும், கரண்ட் பில்லும் எகிறும் என்கிறார் எலக்ட்ரீஷியன். சரிதானா?
(ஒரு வாசகி, பட்டுக்கோட்டை)

பதில்: பெருக்கல் சரி, அதிலிருந்து அவர் வந்த முடிவு தவறு. 230 வோல்ட் கொடுத்தால்தான் அந்தக் கீசர் 2000 வாட் இழுக்கும். அதற்குள் ஏறக்குறைய மாறாமல் இருப்பது ஹீட்டர் சுருளின் மின்தடை, ஆகவே கணக்கை அங்கிருந்து தொடங்க வேண்டும். 2000-ஐ 230-ஆல் வகுத்தால் 8.7 ஆம்பியர். 230-ஐ அந்த 8.7-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 26.4 ஓம். இப்போது சாயங்காலத்துக்கு வாருங்கள்: 180-ஐ 26.4-ஆல் வகுத்தால் 6.8 ஆம்பியர்தான் வருகிறது, அதாவது கரண்ட் குறைந்திருக்கிறது. 180-ஐ 6.8-ஆல் பெருக்கினால் சுமார் 1225 வாட். வோல்டேஜ் இருபத்திரண்டு சதவீதம்தான் இறங்கியது, ஆனால் வோல்ட்டோடு ஆம்பியரும் சேர்ந்து இறங்குவதால் பவர் நாற்பது சதவீதத்துக்குப் பக்கத்தில் அடிபட்டுவிடுகிறது.

பில்லைப் பற்றிக் கவலையே வேண்டாம். 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 55 டிகிரிக்குக் கொண்டுவர அரை யூனிட்டுக்குச் சற்று மேல் மின்சாரம் வேண்டும், எந்த வோல்டேஜில் சூடாக்கினாலும் அதே அளவுதான். 2000 வாட்டில் அது 16 நிமிடத்தில் முடியும், 1225 வாட்டில் 26 நிமிடம் ஆகும். அந்தக் கூடுதல் பத்து நிமிடத்தில் தொட்டி வழியாக வெளியே போகும் சூடு கொஞ்சம்தான்.

எலக்ட்ரீஷியன் சொன்னது தண்ணீர் மோட்டாருக்குப் பொருந்தும், அவர் அதைப் பார்த்துப் பழகியிருப்பார். தண்ணீரை மேலே தள்ளும் வேலை அப்படியே இருக்க வோல்டேஜ் மட்டும் விழுந்தால், மோட்டார் கூடுதல் கரண்டை இழுத்துத்தான் அந்த வேலையைச் செய்யப் பார்க்கும், அப்படித்தான் லோ வோல்டேஜில் காயில் சூடாகிக் கருகிப்போகிறது. கீசரும் அயர்ன் பாக்ஸும் அப்படி இல்லை.

கேள்வி: பழைய 60 வாட் குண்டு பல்பு ஒன்றைக் கழற்றி மல்டிமீட்டரில் பார்த்தேன், 65 ஓம் காட்டுகிறது. கணக்குப் போட்டால் 880 ஓமுக்கு மேல் வருகிறது. மீட்டர் கெட்டுவிட்டதா?
(பிளஸ் டூ மாணவர், தேனி)

பதில்: மீட்டரும் சரி, உங்கள் கணக்கும் சரி. 60-ஐ 230-ஆல் வகுத்தால் 0.26 ஆம்பியர், 230-ஐ அதனால் வகுத்தால் நீங்கள் சொல்லும் 880 சொச்சம் ஓம், ஆனால் அது பல்பு எரியும்போது உள்ள மின்தடை. எரியும் டங்ஸ்டன் இழை 2500 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக இருக்கும், சூடு ஏற ஏற அதன் மின்தடையும் ஏறும். மல்டிமீட்டர் அனுப்புவதோ துளியூண்டு கரண்ட், அதில் இழை சூடாவதே இல்லை, அதனால் குளிர்ந்த இழையின் மின்தடையைத்தான் அது காட்டுகிறது. ஸ்விட்ச் போட்ட அந்தக் கணத்தில் 230-ஐ 65-ஆல் வகுத்த கரண்ட், அதாவது மூன்றரை ஆம்பியர் வரை, ஒரு சின்ன நொடிக்குப் பாய்கிறது. குண்டு பல்புகள் பெரும்பாலும் போடும்போதே பியூஸ் போவது அதனால்தான். ஓம் விதியை எந்த வெப்பநிலையில் பயன்படுத்துகிறோம் என்று கேட்டுக்கொள்ளும் பழக்கம் உங்களுக்கு இப்போதே வந்துவிட்டால் ரொம்ப நல்லது, பாடப்புத்தகக் கணக்குகளில் அதை யாரும் கேட்பதில்லை. கீசரில் இருக்கும் நிக்ரோம் கம்பியின் மின்தடை சூட்டில் சில சதவீதம்தான் மாறும், மேலே வாசகிக்குச் சொன்ன கணக்கில் அதை விட்டுவிட்டேன்.

கேள்வி: ஹீட்டர் பிளக்கின் ஒரு பின் மட்டும் கருத்துப்போய், பிளாஸ்டிக்கும் உருகியிருக்கிறது. எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் தானே அணைந்துவிடும் ஸ்விட்ச்) ஏன் விழவில்லை?
(ஒரு வாசகர், திருநெல்வேலி)

பதில்: கரண்ட் கூடினால்தான் எம்.சி.பி. விழும், உங்கள் வீட்டில் கரண்ட் கூடவே இல்லை. சாக்கெட்டுக்குள் பின்னைப் பிடிக்கும் தகடு தளர்ந்து, அந்த ஓர் இடத்தில் அரை ஓம் மின்தடை வந்துவிட்டது என்று வையுங்கள். உங்கள் ஹீட்டரும் முதல் கேள்வியில் வந்த கீசரைப் போல 2000 வாட் என்றால், 8.7 ஆம்பியரை அதே 8.7-ஆல் பெருக்கி, அரை ஓமால் பெருக்கினால் 38 வாட். சால்டரிங் அயர்னே பெரும்பாலும் 25 வாட்தான், அதைவிடக் கூடுதலான சூடு விரல் நுனி அளவு இடத்தில் விடாமல் உட்கார்ந்திருக்கிறது. மொத்தக் கரண்டோ இந்த அரை ஓமால் இம்மியளவு குறையத்தான் செய்யும்.

பிளக்கை மட்டும் மாற்றாதீர்கள், தளர்ந்த சாக்கெட் புது பிளக்கையும் கருக்கிவிடும். இரண்டையும் 16 ஆம்பியருக்கு மாற்றுங்கள், ஹீட்டரை எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போடவே போடாதீர்கள். மாற்றும்போது மெயினை அணைத்துவிட்டு, சாக்கெட்டுக்குப் பின்னால் வரும் ஒயரின் நுனியையும் பாருங்கள். அங்கே இன்சுலேஷன் காய்ந்து மொறுமொறுவென்று இருந்தால் நல்ல ஒயர் தெரியும்வரை வெட்டிவிட்டு ஸ்குரூவை இறுக்க வேண்டும்.